கழுத்தும் கைரோவும்: விண்கலப் போரில் குனிதல், நிமிர்தல் பற்றிய ஒரு சிற்றாய்வு

விண்வெளிச் சண்டை கேம்களில் ஆட்டக்காரர் எதனால் சாகிறார்? எதிரியின் குண்டால் என்பதே உலக வழக்கு. இந்த ஆய்வு அதை மறுக்கிறது. பெரும்பாலான கலங்கள் ஓட்டுபவரின் உடம்பாலேயே வெடிக்கின்றன.

முதற்சான்று முழங்கை. 1962-இல் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினியில் ஸ்பேஸ்வார் ஆடியவர்கள், கணினியின் முகப்பில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித் தட்டித்தான் கலத்தை ஓட்டினார்கள். எதிரி சுடுவதற்குள் முழங்கை ஓய்ந்துவிடும். அதனால் அவர்களில் இருவர், ஆலன் கோடாக்கும் பாப் சாண்டர்ஸும், தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தார்கள். கேம் கன்ட்ரோலரின் பூர்வீகம் கைவலி என்று தயங்காமல் நிறுவலாம்.

அடுத்தது விரல். 1979-இல் அடாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே இல்லை. இடம் திரும்ப, வலம் திரும்ப, உந்த, சுட, மாயமாய் மறைய என்று 5 பட்டன்கள். பிரேக்கும் கிடையாது. கலத்தைச் சட்டென்று நிறுத்த வேண்டுமானால் மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்பி உந்த வேண்டும். மறைந்து தப்புகிறவர் போய்ச் சேர்ந்த இடத்தில் சில சமயம் தானாகவே வெடிப்பார்.

இவையெல்லாம் பாலபாடம். ஆய்வின் மையம் கழுத்து.

2016-இல் வீ யூ கருவிக்காக நின்டெண்டோவும் பிளாட்டினம்கேம்ஸும் சேர்ந்து தந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவில் திரைகள் இரண்டு. டிவியில் கலம் பின்னாலிருந்து தெரியும். கையிலுள்ள கேம்பேடின் 6.2 அங்குலத் திரையில் விமானி அறையின் காட்சி. இடது ஸ்டிக் கலத்தை ஓட்டும், வலது ஸ்டிக் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். குறி பார்ப்பதற்கோ கேம்பேடையே சாய்க்க வேண்டும். உள்ளிருக்கும் கைரோ சென்சார் அதை உணரும். பெரிய எதிரி வந்ததும் டிவி கேமரா அவனைக் காட்டத் திரும்பிக்கொள்ளும். தன் கலம் தன்னை நோக்கியே பறந்து வருவதை ஆட்டக்காரர் பார்ப்பார். இடம் எது, வலம் எது? சுடக் குனிந்தால் மோதல் தெரியாது. மோதலைத் தவிர்க்க நிமிர்ந்தால் குறி தப்பும். இதற்கிடையில் குறிவட்டம் மெல்ல ஒதுங்கிப் போயிருக்கும். ஒரு பட்டனை அழுத்தி அதை நடுவுக்கு இழுத்து வர வேண்டும்.

பூர்வபட்சம்: இரண்டு திரையையும் ஒருசேரப் பார்த்தால் என்ன?

மறுப்பு: கண் அப்படிப் படைக்கப்படவில்லை. தூரத்து டிவியிலிருந்து மடியிலிருக்கும் திரைக்கு வர, விழிலென்ஸ் ஒவ்வொரு முறையும் வளைவை மாற்றியாக வேண்டும். 1993-இல் முதல் ஸ்டார் ஃபாக்ஸ் ஆடிய 16 வயதுப் பையனுக்கு 2016-இல் வயது 39. வெள்ளெழுத்து வாசலில் நிற்கிற பருவம். பழைய ரசிகர்களை நம்பி இறங்கிய தொடர் அவர்களுடைய கண்ணாடி நம்பரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஆய்வின் பணிவான குற்றச்சாட்டு.

தேறும் வழி உண்டு. பறப்பதெல்லாம் டிவியைப் பார்த்தே பறப்பது, நுணுக்கமான குறிக்கு மட்டும் குனிவது, சுடும்போது மட்டும் கைரோ வேலை செய்யும்படி அமைப்பை மாற்றிவைப்பது. கொஞ்சம் ஆடியதும் கை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். கழுத்து மட்டும் நிறுத்தாது.

நின்டெண்டோ இதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தது. இருவர் ஆடும் முறையில் ஒருவர் கலத்தை ஓட்டுவார், மற்றவர் கேம்பேடில் சுடுவார். கலம் விழுந்ததும் “நீ ஆட்டினதுல குறி போச்சு” என்பார் இவர். “நீ சுட்டிருந்தா நான் ஏன் ஆட்டப்போறேன்” என்பார் அவர். இந்தச் சண்டை விண்வெளியில் நடப்பதல்ல என்பதால் ஆய்வின் எல்லைக்குள் வராது.