கதவைச் சாத்தும் புருஷர்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில், நமுனுகுல மலையில் மூட்டம் இறங்கும் வேளைகளில், லயத்து இஸ்தோப்பிலே கால்மேல் கால் போட்டு அமர்ந்து, "பொம்பளைய வைக்கிற எடத்துல வைக்கணும்" என்று உபதேசிக்கும் ஒரு கனவானை நீங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். கவ்வாத்து வெட்டி மதியத்தோடு வேலை தீர்ந்துவிட்ட அவருக்கு, மனைவி கூடையோடு இன்னும் மலையில் நிற்கிறாள் என்பது ஒரு விஷயமே அல்ல. இருவருக்கும் ஒரே கூலி என்பதுதான் தீராத மனஸ்தாபம்.

ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு என்றிருந்த பழைய சம்பள முறை 1984இல், வேலைநிறுத்தத்தின் பயனாக ஒழிந்தது. அதைப் பற்றிப் பேசுகையில் அவர் குரலிலே சமஸ்தானம் இழந்த மகாராஜாவின் சோகம் தொனிக்கும். மனைவியின் சம்பளத்தையும் தாமே கைநீட்டி வாங்கிய காலத்தை மட்டும் அவர் அதிகம் ஸ்மரிப்பதில்லை. அந்தப் பணம் போன வழி தவறணைக்காரருக்குத் தெரியும்.

இந்த வீரபுருஷரின் காம்பராவுக்கு ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, கூரையிலே புகை. தட்டியதும் உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. சற்றுப் பொறுத்து வெளிப்பட்டவரின் கைகளில் முழங்கை வரை கோதுமை மா.

"கோயில் நோட்டீஸ் ஒட்டணும் தம்பி, பசை காய்ச்சுறேன்."

பின்னால் அம்மியில் மிளகாய் அரைபட்ட வாசனை மூக்கைத் துளைத்தது. பசைக்குச் சம்பல் எதற்கென்று நான் கேட்கவில்லை. சிநேகம் நிலைக்க வேண்டுமல்லவா? ஆனால் பக்கத்துக் காம்பராச் சிறுமிக்கு அந்த நாகரிகம் போதவில்லை.

"மாமா, அத்தை வர நேரமாகுமாம். ரொட்டியக் கொஞ்சம் பொறுத்துச் சுடுவீங்களாம்!"

அவர் முகம் ஒரு க்ஷணம் கறுத்தது, மறுகணமே தேறிக்கொண்டார். "அவ சுட்டா நடுவுல வேகாது தம்பி, அதான்" என்றார். பீலியில் தண்ணீர் பிடிக்க இருட்டிய பிறகே அவர் போவதற்கும் இப்படி ஒரு சாஸ்திரீயமான காரணம் உண்டு: அப்போதுதான் தண்ணீர் தெளிந்திருக்குமாம்.

விடைபெற்றுத் திரும்பும்போது அந்த லயத்தை ஒருமுறை பார்த்தேன். பத்துக் காம்பராக்கள், பெண்கள் எல்லாரும் கொழுந்து மலையில். நான்கு கதவுகள் சாத்தியிருந்தன, நான்கிலும் புகை.