வருகையின் நோக்கம்

‘குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டேன்’ என்று துபாய்த் தமிழர் ஒருவரிடம் சொன்னால், ‘மாசம் எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்பார். அதையே திருச்சியில் சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘என்ன தம்பி, வீட்ல ஏதாவது பிரச்சினையா?’ என்பார்கள். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சொல்லி, எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பிரச்சினை வீட்டில் இல்லை; வாடகையில். துபாயில் வாடகை என்பது பெரும்பாலும் மாதாமாதம் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல. ஒரு வருடத்துக்கான தொகையை நான்கு செக்காகவோ, வீட்டுக்காரர் மனசு இறுகியவராக இருந்தால் ஒரே செக்காகவோ எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தேதிகளைக் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும். போதாததற்கு வருட வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக்கு. அதைக் கரன்ட், தண்ணீர் பில்லோடு சேர்த்து மாதாமாதம் வாங்கிவிடுவார்கள். 2018 ஜனவரியில் வாட் வரி வந்தது. அதுவும் 5 சதவீதம். வருமான வரியே இல்லாத ஊர் என்று மாமனாரிடம் பெருமையடித்துவிட்டுப் போனவன் நான். அப்புறம் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம்.

எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டேன். காபியைக் குறைத்தேன், ஏசியைக் குறைத்தேன், கூட்டுத்தொகை அசையவில்லை. கடைசியில் குடும்பம் என்ற வரிசையையே நீக்கினேன். கட்டம் பச்சையாக மாறிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்’ என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு சான்றிதழ் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க 4000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3000 சம்பளமும் கம்பெனி தரும் தங்குமிடமும். இதற்குக் கீழே சம்பளம் வாங்கிக்கொண்டு, லேபர் கேம்ப்பில் வருஷக்கணக்கில் தனியாகக் கிடக்கும் எத்தனையோ பேருக்கு நான் புலம்புவதே ஆடம்பரம். ஆனால் புலம்பலுக்குச் சம்பள வரம்பு கிடையாது. ஆகவே தொடர்கிறேன்.

ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு கராமாவில் ஒரு பெட் ஸ்பேஸ் பிடித்தேன். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்த் தட்டுக்கு ஒரு விலை, மேல் தட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை. சிக்கனத்தை முன்னிட்டு மேல் தட்டை எடுத்தேன். முழங்கால் வேறு கருத்து சொன்னதால் மறு மாதமே கீழே இறங்கினேன். அறையில் மற்றவர்கள் எல்லாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயசுப் பையன்கள். ‘அண்ணே, கல்யாணம் பண்ணா எப்படிண்ணே இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு, என் கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

ஊருக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் குடும்பத்தின் பரம வைரி. நான் ஆபீஸ் முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் போனை எடுத்தால், அங்கே ஒன்பதரை, சின்னவள் தூங்கியிருப்பாள். காலையில் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழரை. ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேச முடியாது, செய்தி மட்டுமே அனுப்ப முடியும். பேசுவதற்கு போட்டிம் என்று வேறொரு செயலி. அதில் அம்மா பேசும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வார். வீடியோ என்பதால் எனக்குத் தெரிவது காதுதான். அம்மாவின் தோடு வழியாக நான் குடும்ப நிர்வாகம் செய்து வருகிறேன்.

2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியது. வெள்ளி பாதி நாள் வேலை. உலக வர்த்தகத்துக்காகச் செய்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. எனக்காகத்தான் செய்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளி ராத்திரி ஏறினால் சுமார் நாலு மணி நேரம். சனிக்கிழமை விடிகிற நேரத்துக்குத் திருச்சி. ஞாயிறு ராத்திரி திரும்பினால் திங்கள் ஆபீஸ். விமானக் கட்டணம் கொஞ்சம் மலிவாகத் தெரிகிற வாரங்களில் எல்லாம் கிளம்பிவிடுவேன்.

கே.கே. நகரில் என் பெயரில் ஃபிளாட், என் சம்பளத்தில் இ.எம்.ஐ. ஒரு சனிக்கிழமை அதிகாலையில் பெட்டியோடு இறங்கினேன். புது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

‘யாரைப் பாக்கணும் சார்?’

‘இது என் வீடுங்க. மூணாவது மாடி.’

‘அதுல ஒரு மேடமும் பெரியம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும்தானே இருக்காங்க?’

‘அவங்க வீட்டுக்காரர்தான் நான்.’

‘அவரு துபாய்ல இருக்காரு சார்’ என்றார், என்னைத் தேற்றுகிற குரலில்.

பார்வையாளர் நோட்டை எடுத்து நீட்டினார். பெயர், நேரம், எங்கிருந்து வருகிறீர்கள், வருகையின் நோக்கம். கடைசிக் கட்டத்தில் ‘குடும்பம்’ என்று எழுதினேன். எனக்கு மேலே இருந்தவர் ‘கேஸ் அடுப்பு ரிப்பேர்’ என்று எழுதியிருந்தார். அவரை உடனே உள்ளே விட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் மனைவியின் போனுக்கு ஒப்புதல் கேட்டுத் தகவல் போயிற்று. அவள் தூக்கத்தில் ‘மறு’ என்பதைத் தொட்டுவிட்டாள். வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையை எந்த எக்செல்லிலும் போட முடியாது.

உள்ளே போனால் உபசாரம் பலம். புதுத் துண்டு, தலைவாழை இலை, மட்டன். எனக்குப் பிடித்த உப்புமாவைக் கேட்டால், ‘ரெண்டு நாளைக்கு வந்திருக்கே, உப்புமாவா போடறது?’ என்று அம்மா வாயை அடைத்துவிடுவார். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். சும்மா இருக்க முடியாமல் மோட்டார் சுவிட்சைப் போடப் போனால், ‘ஐயோ, அதைத் தொடாதீங்க, இப்ப ஆட்டோமேட்டிக்’ என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும்.

பெட்டிக்கும் மதிப்புப் போய்விட்டது. எடை பார்த்துப் பார்த்து 30 கிலோவுக்குள் நீடோ, டாங், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம் எல்லாம் அடைத்துக்கொண்டு போனால், ‘இதெல்லாம் இங்க தெருமுனைக் கடையிலயே கிடைக்குதுங்க, ஏன் சுமக்கிறீங்க?’ என்பாள் மனைவி. திரும்பும்போதுதான் பெட்டி கனக்கும்: பருப்புப்பொடி, நார்த்தங்காய், முறுக்கு. அறைப் பையன்கள் என் பயணத்தை என்னைவிட ஆவலாக எதிர்பார்ப்பதன் காரணம் இதுதான்.

பெரியவன் அமீரகத்துப் பள்ளியில் அரபி படித்தவன். அங்கே அது கட்டாயம். இங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது றகர ரகரத்தோடு மல்லுக்கட்டுகிறான். அப்பா என்ற முறையில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நான் போட்ட ஒற்றெழுத்துகளை மறுநாள் டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார். அடுத்த தடவை போனபோது டியூஷன் ஏற்பாடாகியிருந்தது.

எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே இலாகா வருமான வரி. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் வெளிநாட்டு இந்தியன் என்ற அந்தஸ்து போய்விடும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு இன்னும் கடுமையான விதி உண்டாம். கடவுள் அருளால் எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் பக்கம், தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரக விசா போய்விடும். ஆகவே பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்த நாட்களைக் கூட்டி, பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் நிறைய நாள் பாக்கி இருக்கே சார், தாராளமா வரலாமே’ என்றார். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். என் எக்செல்தான், இப்போது அவள் கையில். பள்ளி, மளிகை, பால், வேன், டியூஷன், இ.எம்.ஐ. எல்லாம் பச்சையாக இருந்தன. ஒரே ஒரு வரிசை மட்டும் சிவப்பு: விமான டிக்கெட்.

‘உங்க கணக்கு சரிதாங்க. இது ஒண்ணுதான் இடிக்குது’ என்றாள். ‘தீபாவளிக்கு டிக்கெட் விலை ஏறிடும். கார்த்திகைக்கு வாங்களேன். மட்டன்தான் எடுக்க முடியாது. உப்புமா போட்டுத் தரேன்.’

கார்த்திகைக்குத்தான் போட்டிருக்கிறேன். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.