மோரிப் சேறும் ஜெனரல் குரோவ்ஸும்

கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டுகிறவரிடம் எண்ணெய் விலை கேட்டுப் பாருங்கள். "அது துரைக்குத்தான் தெரியும், கிராணியைக் கேளுங்க" என்பார். 1942-இல் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தைக் கையிலெடுத்த ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ், இதே முறையை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனார்: அவரவர் நிரை அவரவருக்கு, பக்கத்து நிரையை எட்டிப் பார்க்கக் கூடாது. அத்திட்டத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் யுரேனியம் பிரித்த பெண்கள், எதைப் பிரிக்கிறோம் என்றே தெரியாமல் மானியின் முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருகினார்கள். நம் தோட்டத்து மண்டோர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் திட்டத்துக்குச் செலவான 200 கோடி டாலரில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

இரகசியம் என்னவோ நன்றாகத்தான் காக்கப்பட்டது. தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனுக்கே 1945 ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டில்தான் குண்டைப் பற்றிச் சொன்னார்கள். சொன்ன கையோடு வாயையும் கட்டிவிட்டார்கள். அவருடைய ஆட்களோ 'ஸிப்பர்' என்று பெயரிட்டு மலாயாப் படையெடுப்பை மும்முரமாகத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் இரண்டு குண்டுகள். செப்டம்பர் 2-இல் ஜப்பான் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனாலும் கிளம்பிய கோப்பு நிற்குமா? செப்டம்பர் 9-ஆம் தேதி, கேரி தீவுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில், ஏற்கெனவே தோற்றுவிட்ட எதிரியின் மேல் படை இறங்கியது. எதிர்த்துச் சுட ஆளில்லை. வண்டிகள்தான் ஒவ்வொன்றாகச் சேற்றில் அமிழ்ந்தன. இத்தனைக்கும் முன்னதாகவே ஆள் அனுப்பிக் கரையைச் சோதித்திருந்தார்கள். அதுவும் இரகசியச் சோதனையாயிற்றே, மோரிப் மீனவரிடம் போய் எப்படிக் கேட்பது?