விருப்ப ஓய்வுத் திணை: திருவண்ணாமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

அறுபது வயதுக்கு முன்பே அலுவலகத்தை விட்டு வந்து, சொந்த வீடு, கையகலத் தோட்டம், பாதியில் நிற்கும் பல கைவேலைகள் என்று வாழும் ஆடவரை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியர் காலத்தில் வி.ஆர்.எஸ். இல்லை, எனவே இத்திணை விடுபட்டதை நூற்குற்றமாகக் கொள்ளலாகாது. 2000-01-இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தபோது இது தனித்திணையாகத் திரண்டது. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.-இலிருந்து ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விடைபெற்றபோது பெருந்திணையாயிற்று. பெருந்திணை பொருந்தாக் காதலையும் குறிக்கும். அதைப் பின்னர் பார்ப்போம். தமிழக அரசோ ஓய்வு வயதை 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தி, ஆய்வுக்கு வரவேண்டியவர்களைக் காக்க வைத்தது.

2. முன்னோடிகள்

இவ்வூரில் இத்திணையின் முதல்வர் சிவப்பிரகாசம் பிள்ளை. தென்னாற்காடு கலெக்டர் அலுவலக வருவாய்த்துறையில் பணியாற்றிய இவர், 1902-இல் அலுவல் காரணமாக இங்கு வந்து, மலைமேல் மௌனமாயிருந்த இளம் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். எழுதிக் காட்டப்பட்ட விடைகளே பின்னாளில் 'நான் யார்?' என்ற நூலாயின. பிள்ளை 1910-இல் வேலையை விட்டார். அடுத்தவர் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் சாட்விக். ஓய்வுபெற்று 1935-இல் வந்தவர், ரமணாசிரம வளாகத்துக்குள்ளேயே சிறு வீடு கட்டிக்கொண்டார். வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்ற தயக்கம் இத்திணைக்கு என்றும் இருந்ததில்லை என்பதற்கு இது சான்று.

3. முதற்பொருள்

நிலம்: மாடியிலிருந்து மலை தெரியும் மனை. தரகர் சொல்லும்போது முழு மலையும் தெரியும். பக்கத்து மனைக்காரர் இரண்டாம் தளம் எழுப்பியபின் உச்சி மட்டும் தெரியும். பெரும்பொழுது: விதைக்க ஆடி, விருந்தினருக்குக் கார்த்திகை. சிறுபொழுது: பால் பாக்கெட் வரும் வேளை முதல், 'நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்' என்று பிளம்பர் போனை வைக்கும் வேளை வரை.

4. கருப்பொருள்

தெய்வம், அண்ணாமலையார். உணவு, சர்க்கரை போடாத காபி. மரம், முருங்கை. புள், நாற்றைக் கொத்தும் மயில். பறை, டிரில்லிங் மெஷின். யாழ், ஐம்பத்தைந்தில் கற்கத் தொடங்கிய கீபோர்டு.

விலங்கு குரங்கு. இதை விரித்துரைத்தாக வேண்டும். கொய்யா பழுக்கும் நாள் வீட்டுக்காரருக்கு முன்பே குரங்குக்குத் தெரியும். பச்சை வலை கட்டினால் அதில் ஊஞ்சலாடும். தென்னை நார்க்கழிவு நிரப்பிப் பஞ்சகவ்யம் ஊற்றி வளர்த்த தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டுப் போகும். முப்பதாண்டு தணிக்கைத் துறையில் இருந்தவரும், மிஞ்சிய தக்காளி கிலோ என்ன விலைக்கு அடங்குகிறது என்று கணக்குப் போட மாட்டார். அதுவே இத்திணையின் அறம்.

5. உரிப்பொருள்

ரிப்பேரும் ரிப்பேர் நிமித்தமும். வாஷர் மாற்றப் போனவர் குழாயை மாற்றுவார். குழாய் புதிதானதும் சுவர் பழசாகத் தெரியும். சுவருக்கு வண்ணம் அடித்ததும் கதவு உறுத்தும். இதனிடையே புதுக் கருவிகள் சேரும். திருப்புளியின் மேலும் ஸ்பேனரின் மேலும் இவருக்கு உண்டாகும் வேட்கையே மேற்சொன்ன பொருந்தாக் காதல். தாயின் மறுப்பு, ஊரார் அலர் ஆகிய இரண்டையும் இங்கு வீட்டம்மா ஒருவரே செய்கிறார்.

உபதொழில்கள்: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களுக்கும் இடையே எத்தனை காலடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்தல், மலையை நாள்தோறும் ஒரே கோணத்தில் படமெடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புதல்.

6. மறுப்பும் விடையும்

'ரமணரே அடுப்படியில் காய் நறுக்கினார், புத்தகம் பைண்டு செய்தார், கைத்தடி இழைத்தார், இலை தைத்தார். நாங்கள் குழாய் மாற்றினால் என்ன?' என்பது இத்திணையினர் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் அவர் வேலை செய்தாரே தவிர, செய்த வேலைக்குப் பதிவேடு வைக்கவில்லை. இவர்களோ செடிக்கு வரிசை எண், தண்ணீருக்கு அட்டவணை, உரத்துக்கு வவுச்சர் என்று வைத்திருக்கிறார்கள்.

7. முடிபு

பிள்ளை கேள்வியை முதலில் கேட்டார், வேலையைப் பிறகு விட்டார். இன்றையவர்கள் வேலையை முதலில் விட்டார்கள். கேள்வி எழ இடமே இல்லை. 'முதுநிலை மேலாளர் (ஓய்வு)' என்று வாசல் பலகையிலேயே விடை எழுதியாயிற்று.

ஐயமுள்ளோர் மகாதீபத்தன்று நேரில் காண்க. 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏறுவதைப் பார்க்க, சொந்தபந்தம் முழுவதும் இவர் மாடிக்கு வருகிறது. யார் எப்போது குளிப்பது, எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்பது, மாடியில் யாருக்கு எந்த ஓரம் என்று தட்டச்சு செய்த சுற்றறிக்கை ஒட்டப்படுகிறது. அதன் அடியில் 'நகல்: அலுவலகக் கோப்புக்கு' என்றிருப்பதே இவ்வாய்வின் இறுதிச் சான்று.