கல்லட்டிக் குறுக்குவழியும் பைக்காரா நட்டமும்: ஒரு பெட்ரோல் ஆராய்ச்சி

மைசூரிலிருந்து ஊட்டிக்குக் காரில் போகும் குடும்பங்கள் தெப்பக்காடு வந்ததும் இரு சமயத்தாராகப் பிரிவர். மசினகுடி, கல்லட்டி வழியே ஏறினால் சுமார் 36 கிலோமீட்டர். கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று சுற்றினால் சுமார் 67. முப்பது கிலோமீட்டர் குறைகிறது, லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் வண்டியில் இரண்டு லிட்டர் லாபம் என்பது முன்சீட்டுப் பெரியப்பாவின் கணக்கு.

அது பொருந்தாது. என்னை? தெப்பக்காட்டைவிட ஊட்டி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். ஆட்கள், பெட்டிகள், முறுக்கு டின் உட்பட 1,300 கிலோ கனக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்கவே இரண்டு லிட்டர் போய்விடும். பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசிதான் சக்கரத்தை எட்டும் என்பதால். எந்த வழியில் வந்தாலும் மலை இந்த வரியை வாங்காமல் விடாது. கல்லட்டியில் அதை 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியரில் கட்ட வேண்டும், அவ்வளவே.

ஆயினும் தூரத்தால் கொஞ்சம் மிச்சம் உண்டு எனின், உண்டு. மறுநாள் காலை வரை. காலையில் சித்தி மகள், "பைக்காரா பார்க்கவே இல்லையே" என்பாள். ஊட்டியிலிருந்து பைக்காரா சுமார் 20 கிலோமீட்டர், போய்வர 40. மிச்சம் பிடித்தது முப்பது. இதனைப் பைக்காரா நட்டம் என்க.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஈடுகட்டலாம் என்பாரும் உளர். அவர் கார்புரேட்டர் காலத்தவர். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் குடிக்கும். பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். மலையில் அது விளையாட்டல்ல.

வெளியூர் வண்டிகளைக் கல்லட்டி வழியே இறங்க விடுவதில்லை. ஆகவே திரும்பும்போது கூடலூர்ச் சாலைதான், பைக்காரா வழியில்தான். கல்லட்டியில் ஏறி, பைக்காராவை இறங்கும் நாளுக்கு ஒத்திவைப்பதே செலவு குறைந்த திட்டம் எனத் துணியலாம். ஆனால் இரவு 9 மணிக்கு மைசூர் திரும்பும் பந்திப்பூர்ச் சாலையை அடைத்துவிடுவார்களே என்ற பயத்தில், அன்று பைக்காராவில் காரை நிறுத்த எந்தப் பெரியப்பாவும் இசைந்ததாகச் சான்றில்லை. காலையிலேயே புறப்பட்டாலென்ன எனின், பெரியம்மா இன்னும் வர்க்கி வாங்கவில்லை என்க.