பேராசிரியரும் சாம்பிராணிப் பொட்டலமும்

1964இல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் கஞ்சாவின் போதைச் சரக்கான டிஎச்சியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஆராய்ச்சிக்கான 5 கிலோ ஹஷீஷைக் கொடுத்தது போலீஸ். அதை மனிதர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்து சீட்காரர்கள் ‘என்ன வாடை?’ என்று கேட்டதோடு சரி.

அடுத்தவர் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜான் ஹஃப்மன். கஞ்சா மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்று பார்க்க, 400க்கும் மேற்பட்ட கள்ளச்சாவிகளை, அதாவது செயற்கை மூலக்கூறுகளை, செய்தார். பணம் தந்தது போதை ஒழிப்புக்கு ஆராயும் அரசு நிறுவனம்தான். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் தன் இனிஷியலைப் பொறித்தார்: ஜேடபிள்யூஎச்-018, 073, 250... செய்முறையையும் ஆய்விதழ்களில் வெளியிட்டார். அவற்றை யார் படிக்கப்போகிறார்கள்?

படித்தார்கள். ஏதோ காய்ந்த தழை, அதன்மேல் அசிட்டோனில் கரைத்த ஹஃப்மன் சரக்கைத் தெளித்து, ‘ஸ்பைஸ்’ என்று பளபளா பாக்கெட்டில் அடைத்து, சாம்பிராணி என்ற பெயரில் ஐரோப்பா முழுக்க விற்றார்கள். ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்று அச்சிட்டிருந்தது. பாக்கெட்டில் இருந்த ஒரே உண்மை அதுதான். 2008 டிசம்பரில் ஜெர்மானிய ஆய்வகம் ஒன்று குட்டை உடைத்தது. மறு மாதமே அங்கே தடை. வியாபாரி சளைப்பானா? மூலக்கூறின் வாலை லேசாக மாற்றினான். புதுச் சரக்கு, பழைய பாக்கெட்.

அசல் கஞ்சாவும் உத்தமன் இல்லை. அளவு மீறினால் படபடப்பு, பீதி. இளவயதில் பழகினால் சிலருக்கு மனநோய். ஆனாலும் டிஎச்சி அந்தப் பூட்டை அரைகுறையாகத்தான் திருகும். 018 முழுசாகத் திருகிவிடும். தெளிப்பும் சீராக இருக்காது: ஒரு சிட்டிகை சும்மா, அடுத்த சிட்டிகை ஆம்புலன்ஸ். வலிப்பு வரும், சிறுநீரகம் பழுதாகும். 2016 ஜூலையில் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் வெறித்த கண்ணோடு சிலையாக நின்றார்கள். அவர்கள் புகைத்த சரக்கின் வீரியம் டிஎச்சியைப்போல் 85 மடங்கு.

ஹஃப்மன் தலையில் அடித்துக்கொண்டார். இதைப் புகைப்பது குண்டு போட்ட துப்பாக்கியை நெற்றியில் வைத்து விளையாடுவது என்றார். யார் கேட்டது? 2018இல் இல்லினாய் மாநிலத்தில் எலி பாஷாணமும் கலந்து வந்தது. 150 பேருக்கு மேல் ரத்தம் உறையாமல் மூக்கிலும் ஈறிலும் ஒழுக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், சிலர் திரும்பவில்லை. பிழைத்தவர்களுக்கு வைத்தியம், மாதக்கணக்கில் வைட்டமின் கே.