காலண்டர் புலியும் காட்டுப் புலியும்

கேள்வி: லட்சக்கணக்கில் கேமரா வாங்கி, புலியை ஓவியம் மாதிரி படம் எடுக்கிறார்களே, அதனால் புலிக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் உண்டா?
– ஒரு வாசகர், மல்லாங்கிணறு

பதில்: சிவகாசிப் பக்கத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே காலண்டரில் புலிக்குப் பஞ்சமே வந்ததில்லை!

1920களில் மற்ற துரைமார்கள் செத்த புலிமேல் காலை வைத்துப் படத்துக்கு நின்றபோது, வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் காட்டுப்பாதையில் கம்பி கட்டினார். புலி இடறியது, ஃபிளாஷ் வெடித்தது, தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. இன்றைய தானியங்கி கேமராவுக்கு அதுதான் முன்னோடி. புலிக்குப் புலி வரிகள் வேறு; ஒரே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றில்லை. ஆகவே கணக்கெடுப்பில் கள்ள ஓட்டு செல்லாது. தமிழ்நாட்டில் 2006இல் 76 என்று மதிப்பிட்ட புலிகள் 2022இல் 306 ஆனதை இவ்வளவு துணிவாகச் சொல்ல முடிவது தானியங்கி கேமராவின் இந்த அழகில்லாத படங்களால்தான்.

அப்படியானால் கலைப்படம் வீணா? இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார்; கூடவே, காட்டுக்காக எழுதினார், வாதாடினார். அந்த இரண்டாவது வேலையைச் செய்யாத படம் வரவேற்பறைச் சுவருக்குத்தான் உதவும். ஒரு புலியைச் சுற்றிப் பத்து ஜீப்புகளை நிறுத்தி எடுத்ததென்றால் அதற்குக்கூட லாயக்கில்லை.

மல்லாங்கிணறுக்காரர் புலிக்காக வடக்கே ரயிலேற வேண்டாம். நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, 2021 முதல் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது.